வெறும் பாத்திரம்

அமராவதி யார் என்று கொலனிப் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள். விஜயதசமியும் அதுவுமாகச் செல்வநாயகத்தார் வீட்டு வாசல் படலையில் வெறும் பேசினைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனவள் என்று சொல்வார்கள். திமிர் பிடித்தவள், வாய்க்காரி, மரியாதை தெரியாதவள் என்று பட்டங்களும் கூடவே வரும். ஏன் கவிழ்த்தாள் என்று கேட்டால் மட்டும் பொழுது பட்டுவிட்டது, மாட்டைக் காணவில்லை என்று எழும்பிப் போய்விடுவார்கள். அவர்கள் சொல்லாவிட்டால் என்ன, நான் சொல்கிறேன். சொல்லாமல் இருந்தால் எனக்கு நெஞ்சு ஆறாது.

முதலில் இந்தப் பாத்திர விஷயம். ஒரு வீட்டுப் பாத்திரம் நம் வீட்டுக்கு வந்தால் அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு கை சீனியோ, இரண்டு முருங்கைக்காயோ, அதற்கும் வழியில்லையென்றால் வளவில் பிடுங்கிய நாலு பச்சைமிளகாயோ போட்டுத்தான் கொடுப்பது. மலைநாட்டிலிருந்து வந்த சனத்துக்கும் இதே வழக்கம்தான், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே வயல் எடுத்துக் கொலனியில் இருக்கிற சனத்துக்கும் இதே வழக்கம்தான். மற்ற எதில் ஒத்துப்போகாவிட்டாலும் இதில் இரண்டு பகுதியும் ஒன்று. வெறும் பாத்திரம் கொடுத்தால், உன் உறவு எனக்கு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அமராவதிக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தாள்.

அவள் பிறந்தது மாத்தளைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். விடிவதற்கு முன்னமே பெரட்டு. பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தக் களத்துக்குத் தாய் ஓடினால், பொழுது சாயும்போதுதான் கூடையோடு லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்புவாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒருமுறை கலைவிழா வைத்தார்கள். தலையில் காகிதப்பூ வைத்துக்கொண்டு அமராவதி ஒரு பாட்டுப் பாடினாள். அம்மா வருவாள் வருவாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டு பாடியதில் இரண்டாவது அடி மறந்துபோயிற்று. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தாய் ஓடி வந்தபோது சனம் இருந்து பார்த்த வாங்குகளைத் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்க வாங்க, “பாடிட்டியா?” என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியை அமராவதி மறக்கவேயில்லை. தனக்கென்று ஒரு பிள்ளை பிறந்தால், அதன் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பேன் என்று அப்போதே மனதில் போட்டுக்கொண்டாள்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். தகப்பன் மிஞ்சியதை அள்ளிக்கொண்டு குடும்பத்தை லொறியில் ஏற்றி வன்னிக்கு வந்தார். மாங்குளத்தில் கொஞ்சக் காலம், பிறகு எங்கெங்கோ, கடைசியில் ஜெயபுரம். காடு வெட்டினார்கள். பாம்பு கடித்துச் செத்தவர்கள் செத்தார்கள், மலேரியாவில் விழுந்தவர்களில் சிலர் எழும்பினார்கள். அங்கேதான் முத்துலிங்கத்தைக் கட்டினாள். முத்துலிங்கம் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனிதர். அந்த வீட்டுக்கு வேண்டிய கோபம் முழுவதையும் அமராவதியே வைத்திருந்தாள். நிவாரண அரிசி கொடுக்கும் இடத்தில் பின்னால் வந்த பெரிய மனிதர்கள் முன்னால் நுழைந்தபோது, அரிசி மூட்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வரிசை நேராகும் வரை இறங்க மாட்டேன் என்றவள் அவள். நெடுங்காலம் பிள்ளையில்லாமல் இருந்து, கோயில் கோயிலாக நேர்ந்து, பிறந்த ஒரே பெண் சிவரூபி.

அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அமராவதியும் போகத் தொடங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். வேலி அடைக்க வேண்டுமா, கிணறு இறைக்க வேண்டுமா, கூரைக்குக் கிடுகு ஏற்ற வேண்டுமா, சிரமதானம் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், கத்தியோடு வந்து நிற்பாள். குண்டு போடப் பொம்மர் வந்தால் பிள்ளைகள் ஓடி இருக்கப் பதுங்குகுழி வேண்டுமென்று அதிபர் பரமலிங்கம் சொன்னபோது, முதல் மண்ணை வெட்டியது அமராவதியும் சிவலட்சுமியும்தான். சிவலட்சுமி பக்கத்து வளவுக்காரி, அவளும் தோட்டத்திலிருந்து வந்தவள். கொலனித் தாய்மார் வேப்பமர நிழலில் நின்று தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள். அந்தக் குழிக்குள் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு இருந்ததுகள். அங்கே யார் வீட்டுப் பிள்ளை யார் மடியில் என்று எவரும் பார்க்கவில்லை. மேலே ஏறி வந்த பிறகுதான் இந்தப் பிரிப்பெல்லாம்.

நவராத்திரி வந்தால் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு நாள் பூசையும் ஒவ்வொரு வகுப்புக்கு. அந்த வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து படையல் போக வேண்டும். நடுநாள் பூசைகள் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் மட்டும். விஜயதசமிக்குத்தான் தாய் தகப்பன்மாரும் வருவார்கள். சிவரூபி ஆண்டு ஒன்று வகுப்பில் சேர்ந்த வருஷம், யார் என்ன கொண்டுவருவது என்று பேசக் கூட்டம் வைத்தார்கள். கூட்டத்தை நடத்தியவள் விமலேஸ்வரி. செல்வநாயகத்தாரின் மனைவி, பெற்றோர் சங்கச் செயலாளர், அவளுடைய மகள் வினோஜாவும் சிவரூபியும் ஒரே வகுப்பு. மோதகம் இன்னார், வடை இன்னார், அவல் இன்னார் என்று கொலனித் தாய்மாருக்குப் பிரித்துக் கொடுத்தாள். பிறகு சுவரோரம் நின்ற அமராவதி, சிவலட்சுமி பக்கம் திரும்பி, “உங்கட ஆக்களுக்கு ஏன் வீண் கரைச்சல்? நீங்கள் விறகும் வாழையிலையும் பூவும் கொண்டு வந்தாப் போதும்” என்றாள்.

அதைக் கேட்டு அமராவதி உருகிப்போனாள் என்றால் நம்புவீர்களா? கஷ்டப்பட்ட சனம் என்று நம்மேல் இரக்கப்படுகிற மனுஷி என்று வீட்டுக்கு வந்து முத்துலிங்கத்திடம் புகழ்ந்து தள்ளினாள். இப்படி இரக்கப்படுகிறவளுக்கு விறகை மட்டும் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பதா? வளவில் விளைந்த கௌப்பிப் பயறு இருந்தது. சண்டையால் பாதை பூட்டிக் கிடந்த காலம், கடலையைக் கண்ணால் கண்டே வருஷக்கணக்கு. கௌப்பியை ஊறவைத்து அவித்து, செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் போட்டுத் தாளித்து, தேங்காயைச் சின்னச் சொட்டுகளாக வெட்டிக் கலந்தாள். சின்ன அலுமினியச் சட்டியில் போட்டு, வாழையிலையால் மூடி, வாழைநாரால் கட்டி, குளித்து வெளுத்த சட்டை போட்டு நின்ற மகளின் இடுப்பில் வைத்து அனுப்பினாள். நடக்கும்போது ஆட்டாதே, சாமிச் சாப்பாடு என்று படலை வரைக்கும் பின்னாலேயே சொல்லிக்கொண்டு போனாள்.

மத்தியானம் சட்டி கழுவித் துடைத்து வந்தது. உள்ளே ஒரு மணி கௌப்பிகூட இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று பிள்ளை சொன்னதும் அமராவதிக்குத் தலைகால் தெரியவில்லை. பிறகுதான் உறைத்தது. சட்டிக்குள் பிரசாதமும் இல்லையே? இரண்டு கை அவலைப் போட்டு அனுப்பினால் குறைந்தா போய்விடுவார்கள்? நின்ற நிலையில் கத்தத் தொடங்கினாள். “படிச்சதுங்கன்னுதான் பேரு. வெறும் சட்டிய அனுப்பியிருக்குதுங்க, மரியாதை தெரியாததுங்க.” அன்று பின்னேரம் வரைக்கும் அதே பாட்டுத்தான். சிவரூபி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டு நின்றாள். மறுநாள் அமராவதி அதை மறந்துபோனாள். அவளுடைய கோபம் அப்படித்தான், பெய்து விட்டுவிடும்.

இதெல்லாம் தொண்ணூற்று மூன்றில் நடந்தது. அடுத்த வருஷம் சிவரூபி ஆண்டு இரண்டு. மறுபடி கூட்டம், மறுபடி விமலேஸ்வரி, மறுபடி விறகும் வாழையிலையும் பூவும். அமராவதி தலையாட்டிவிட்டு வந்து மறுபடியும் கௌப்பி அவித்தாள். போன வருஷம் ஒரு மணி மிஞ்சவில்லையே என்று இந்த முறை சட்டி நிறையப் போட்டாள். இலை வழுக்காமல் இருக்க, தோட்டத்தில் தாய் கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குக்குப் போடும் இரட்டைச் சுருக்கு முடிச்சுப் போட்டு இறுக்கினாள். அந்த முடிச்சுப் போட ஊரில் வேறொருத்திக்கும் தெரியாது.

மத்தியானம் அவள் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சிவரூபி இடுப்பில் சட்டியோடு வந்தாள். இறக்கி வைத்தபோது கனமாகச் சத்தம் கேட்டது.

“பிரசாதம் அம்மா. எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சினதாம். அம்மாட்டக் குடுக்கச் சொல்லி டீச்சர் தந்தவா” என்றாள் பிள்ளை.

ஆ, இந்த முறை மரியாதை தெரிந்துவிட்டதே என்று சிரித்துக்கொண்டே அமராவதி குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். இலை அவள் வெட்டிய இலை. நார் அவள் கிழித்த நார். முடிச்சு அவள் காலையில் போட்ட முடிச்சு, அசையாமல் அப்படியே இருந்தது. அவிழ்த்துப் பார்த்தாள். சட்டி விளிம்பு வரைக்கும் கௌப்பி. மேலே அழகுக்கு வைத்த கறிவேப்பிலைக் கொத்துக்கூட வைத்த இடத்தில் இருந்தது.

விறகும் வாழையிலையும் பூவும் ஏன் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இரக்கம் என்று நினைத்தாளே! அவள் கை பட்ட விறகு எரியலாம், அவள் வெட்டிய இலையில் படைக்கலாம், அவள் பறித்த பூவைச் சாமியின் தலையில் வைக்கலாம். அவள் அடுப்பில் வெந்தது மட்டும் ஆகாது. உள்ளங்கால் தொடக்கம் உச்சிவரை எரிந்தது. ஆனால் பிள்ளை முன்னால் நிற்கிறது. எல்லோருக்கும் பிடித்ததா என்று மட்டும் கேட்டாள். ஓம், எல்லோரும் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள், டீச்சரும் சாப்பிட்டா என்று பிள்ளை கண் வெட்டாமல் சொன்னது.

இதுதான் அமராவதிக்குப் பொறுக்கவில்லை. சாப்பிடாவிட்டால் தொலையட்டும். திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். அதற்குப் பச்சைப் பிள்ளையிடம் பொய்யைச் சொல்லி, அதன் இடுப்பிலேயே தூக்கி வைத்து, சிரித்துக்கொண்டு போ என்று அனுப்புவதா? இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு விளங்காமலா போகும்? விளங்கும்போது அது தாயின் கையைப் பார்க்கும். அந்தக் கையில் வாங்கிச் சாப்பிடுகிற சோறு தொண்டையில் நிற்கும். அது நடக்கக் கூடாது. எது நடந்தாலும் அது மட்டும் நடக்கக் கூடாது. என் பிள்ளை கண்ணால் பார்க்க, என் கையால் செய்தது அந்தச் சாமிக்கு முன்னால் இருக்க வேண்டும், இதுகள் எல்லாம் தின்ன வேண்டும் என்று அன்றைக்கு மனதைக் கட்டினாள்.

முத்துலிங்கம் வழக்கம்போல விடு விடு என்றார். செல்வநாயகத்தார் வயலில்தான் வேலை, காலபோக நெல் விதைக்கிற நேரம், பகைத்துக்கொண்டு எங்கே போவது என்று மெதுவாகச் சொன்னார். மனிதர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் பிழையில்லாத கதையைக் கேட்கிற நிலையில் அமராவதி இல்லை. அந்தச் சட்டிக் கௌப்பியை மூன்று பேருக்கும் பகிர்ந்து வைத்தாள். பிள்ளை ருசித்துச் சாப்பிட்டது. அவளுக்கு ஒரு பிடி இறங்கவில்லை.

அடுத்த நாள் செல்வநாயகத்தார் சைக்கிளில் வந்து இறங்கினார். பின் கரியரில் ஒரு பெரிய எவர்சில்வர் பேசின், அது நிறையச் சிவப்புப் பச்சையரிசி. விஜயதசமி மோதகத்துக்கு மா வேண்டும், டீசல் இல்லாமல் மில் நிற்கிறது, எப்போதும் போல் இடித்து வறுத்து அன்று காலையில் நேரே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள் விமலேஸ்வரி என்றார். எப்போதும் போல்! இந்த இரண்டு மூன்று வருஷமாகக் கொலனியில் பாதி வீட்டு மாவும் அமராவதியின் உரலில் இடிபட்டதுதான். பேசினை அந்த மனிதரின் தலையில் கவிழ்க்கலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். பிறகு சிரித்த முகமாக வாங்கி வைத்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து முத்துலிங்கம் பயந்துபோனார்.

அரிசியை ஊறவைத்து வடித்து உரலில் போட்டு இடித்தாள். சிவலட்சுமி மாற்றுலக்கை போட வந்தாள். நடந்ததை அமராவதி சொன்னதும் அவள் உலக்கையை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, தன் பிள்ளை கொண்டுபோன ரொட்டியும் போன வருஷம் அப்படியே திரும்பி வந்தது, ரொட்டி படைக்க ஆகாதாக்கும் என்று தான் பேசாமல் விட்டுவிட்டதாகச் சொன்னாள். அதைக் கேட்டு அமராவதி இன்னும் ஓங்கி இடித்தாள். மாவை அரித்து, தாச்சியை அடுப்பில் வைத்து வறுக்கத் தொடங்கினாள். மா மணம் வந்தபோது அகப்பை அவள் கையில் நின்றது. இதுவும் என் அடுப்புத்தானே? இதுவும் என் நெருப்புத்தானே? கௌப்பிக்கு இருக்கிற தீட்டு மாவுக்கு இல்லையா? அடியம்மா, நீங்கள் இவ்வளவு காலமும் தின்ற மோதகமெல்லாம் யார் அடுப்பில் பாதி வெந்தது?

விஜயதசமியன்று காலை, பேசினைத் தலையில் வைத்துக்கொண்டு, சிவரூபியைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத்துப் பின்பக்கக் கொட்டிலில் கல் அடுப்பு மூட்டியிருந்தது, தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. விமலேஸ்வரியும் கொலனித் தாய்மாரும் பயறும் தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் கலந்து, மோதகத்துக்குள் வைக்கிற உள்ளுடன் பிசைந்துகொண்டிருந்தார்கள். பிள்ளையை மண்டபத்துக்கு அனுப்பிவிட்டு அமராவதி பேசினை இறக்கினாள். இறக்கினவள் கையை எடுக்கவில்லை. தன்னுடைய பாட்டில் உட்கார்ந்து பேசினை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

விமலேஸ்வரி கையை நீட்டினாள். “கொண்டா பிள்ளை, நேரம் போகுது.”

“குடுக்கிறேங்க. நாலு நாளைக்கு முந்தி நான் அனுப்பின கௌப்பி எங்கன்னு மொதல்ல சொல்லுங்க.”

விமலேஸ்வரி நீட்டிய கையை மடக்கினாள். சத்தம் கேட்டு ராஜினி டீச்சர் வாசலில் வந்து நின்றாள். சம்பளமில்லாமல் தொண்டுக்குப் படிப்பிக்க வந்த சின்னப் பெண், ஆண்டு இரண்டுக்கு வகுப்பாசிரியை. அமராவதி அவளை விடவில்லை. சாப்பிடவில்லை என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாமே, பிள்ளையிடம் ஏன் பொய் சொல்லி அனுப்பினாய் என்று கேட்டாள். ராஜினிக்குக் கண் கலங்கிவிட்டது. போன வருஷமும் இந்த வருஷமும் அந்தச் சட்டியை எடுத்து அலுமாரிக்குப் பின்னால் வைக்கச் சொன்னது விமலேஸ்வரி அக்காதான் என்றாள். பிறகு, “பிள்ளைக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை அக்கா. சட்டியை அப்படியே கையில குடுத்தனான், அவ்வளவுதான்” என்றாள்.

இதுவும் ஒரு பொய் என்று அமராவதி நினைத்தாள். அதைக் காதில் போடாமல் விமலேஸ்வரியிடம் திரும்பினாள். போன வருஷமுமா என்ற கேள்வி மனதில் ஒருதரம் வந்து போயிற்று. போன வருஷம் சட்டி வெறுமையாகத்தானே வந்தது? குப்பையில் கொட்டினார்களாக்கும் என்று நினைத்ததும் இன்னும் ஏறியது.

விமலேஸ்வரி முதலில் சிரித்து மழுப்பப் பார்த்தாள். பிறகு குரலை மாற்றி, கொலனியில் ஆசாரமான சனம் இருக்கிறது, தனக்கு ஒன்றுமில்லை, ஆனால் நாலு பேர் கதைப்பார்கள், பூசைக்கு வைக்கிற சாப்பாடு, அதற்கொரு முறை இருக்கிறது என்றாள். “மா இடிக்கிறது வேற, சமைக்கிறது வேற” என்றாள்.

“இது இடிச்ச மா இல்லீங்க. வறுத்த மா. என் தாச்சியில, என் அடுப்புல. நான் வறுத்தா சாமிக்கு ஆகும், நான் அவிச்சா ஆகாதா? உங்க சாமிக்கு மூக்கு இருக்கா இல்லியா?”

யாரோ ஒருத்தி, நல்ல நாளில் இதென்ன கரைச்சல் என்று முணுமுணுத்தாள். அதிபர் பரமலிங்கம் சால்வையைச் சரிசெய்துகொண்டு வந்தார். பிள்ளை, எல்லோரும் ஒரு தாய் பிள்ளைகள், பூசை முடியட்டும், பிறகு ஆறுதலாகக் கதைப்போம் என்றார். பிறகு, பிறகு! பதுங்குகுழி வெட்ட வந்தபோது பிறகு வாருங்கள் என்று சொன்னாரா இந்த மனிதர்? அமராவதி அவரை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. கொதிநீர்ப் பானையை இழுத்து, பேசினுக்குள் ஊற்றி, அகப்பைக் காம்பால் கிளறி, மாவைக் குழைக்கத் தொடங்கினாள். ஆவி பறக்கிற மாவைக் கையால் அடித்து அடித்துக் குழைத்தாள்.

“நானே பிடிக்கிறேன். சாமிக்கு வச்சா வைங்க. இல்லாட்டி மாவோட எங்க வீட்டுக்குப் போறேன். இனி இந்த ஊர்ல எந்த வீட்டு மாவும் எங்க உரல்ல விழாது.”

சிவலட்சுமி வந்து பக்கத்தில் குந்தினாள். கூட வந்த மலைநாட்டுத் தாய்மார் இன்னும் இரண்டு பேரும் குந்தினார்கள். உள்ளுடன் சட்டி விமலேஸ்வரியின் காலடியில் இருந்தது. அதை அமராவதி கையை நீட்டி இழுத்துக்கொண்டாள். ஒருத்தி தட்டினாள், ஒருத்தி வைத்தாள், ஒருத்தி பிடித்தாள். ஆவியில் அவிக்க இலை பரப்பிய நீத்துப்பெட்டிகளில் மோதகம் ஏறி அடுப்புக்குப் போயிற்று. கொலனித் தாய்மார் சுற்றி நின்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். தடுக்க ஒருத்திக்கும் வாய் வரவில்லை, ஏனென்றால் நாளைக்கு அவரவர் வீட்டிலும் அரிசி இடிபட வேண்டும்.

மண்டபத்தில் மணி அடித்தது. பிள்ளைகள் பாடத் தொடங்கிவிட்டார்கள். மோதகம் எங்கே என்று உள்ளிருந்து ஆள் வந்தது. பரமலிங்கத்தார் விமலேஸ்வரியைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டு, சரி, கொண்டு வாங்கோ என்றார். அமராவதியே தூக்கிக்கொண்டு போனாள். இவ்வளவு காலமும் வேலியோரம் நின்று மட்டும் பார்த்த மண்டபத்துக்குள், நடுவால் நடந்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் தன் கையால் வைத்தாள். பிள்ளைகளின் வரிசையில் சிவரூபி வாயைத் திறந்தபடி நின்றாள். பாட்டு அவளுக்கு மறந்துபோயிருந்தது.

பூசை முடிந்து மோதகம் எல்லோர் கைக்கும் போனது. பிள்ளைகள் சண்டை பிடித்து வாங்கித் தின்றதுகள். செல்வநாயகத்தார் இரண்டு தின்றார். வினோஜா மூன்றாவதுக்குக் கை நீட்டினாள். ஆசாரமான சனம் என்று சொன்ன அந்தச் சனமும் தின்றது. ஒருவருக்கும் வயிறு வெடிக்கவில்லை. விமலேஸ்வரி தன் பங்கைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். தின்றாளோ எறிந்தாளோ தெரியாது. பேசினைக் கழுவி வீட்டில் வைத்துவிட்டுப் போ, எனக்கு இங்கே வேலை இருக்கிறது என்று முகம் பாராமல் சொன்னாள்.

அமராவதி பேசினைக் கழுவினாள். கோபம் பெய்து ஓய்ந்திருந்தது. என்ன இருந்தாலும் முறை முறைதான் என்று நினைத்து, தனக்கும் சிவலட்சுமிக்கும் எடுத்து வைத்திருந்ததில் ஒரு கை மோதகத்தைப் பேசினுக்குள் போட்டு வாழையிலையால் மூடினாள். நாம் அவர்களைப் போல வெறும் பாத்திரம் கொடுக்கிற சனமா?

வாய்க்கால் கரையால் தாயும் மகளும் நடந்தார்கள். அமராவதிக்கு நடையில் ஒரு துள்ளல் வந்திருந்தது. பார்த்தாயா, எல்லோரும் சாப்பிட்டார்கள், அம்மா கையால் செய்ததை எல்லோரும் சாப்பிட்டார்கள் என்று பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். சிவரூபி ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். மதகடிக்கு வந்ததும் நின்று தாயை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப இனி நான் கொட்டத் தேவையில்லைத்தானே அம்மா?”

“எதக் கொட்ட?”

பிள்ளை மதகுக்குக் கீழே கையைக் காட்டினாள். போன வருஷம் சட்டியை டீச்சர் அப்படியே திருப்பித் தந்தா. அம்மா பார்த்தால் அழுவீங்கள் என்று இந்த இடத்தில் இறங்கி எல்லாவற்றையும் மீனுக்குக் கொட்டினேன், இலையையும் எறிந்துவிட்டு, மணல் போட்டுச் சட்டியைத் தேய்த்துக் கழுவினேன் என்று, பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ விளையாட்டைச் சொல்வது போலச் சொன்னாள்.

இந்த வருஷம் ஏன் கொட்டவில்லை என்று மட்டும் அமராவதி எப்படியோ கேட்டுவிட்டாள்.

“நீங்க பேசினீங்கதானே. வெறும் சட்டி அனுப்பியிருக்குதுகள், மரியாதை தெரியாததுகள் எண்டு. அதான் இந்த முறை நிறையவே கொண்டு வந்தன். டீச்சர் ஒண்டும் சொல்லேல்லை, நான்தான் பிரசாதம் எண்டு சொன்னன்.”

ஊரையே கத்தி அடக்கிய அமராவதி அந்த மதகுக் கட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு வயதில் அந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்து, தாய்க்குத் தெரியக் கூடாதென்று இந்தத் தண்ணீருக்குள் இறங்கி நின்று சட்டி தேய்த்திருக்கிறது. தாய் பிள்ளைக்கு மறைத்தாள், பிள்ளை அதற்கு முன்னமே தாய்க்கு மறைத்துவிட்டது. இவள் ஒரு நாள் மோதகம் பிடித்து அதைத் திருப்பி எடுத்துவிட முடியுமா? போன வருஷத்தை யார் திருப்பித் தருவது? ஓய்ந்த கோபம் மறுபடி வந்தது. ஆனால் இந்த முறை அது பெய்யவில்லை, உள்ளேயே நின்றுகொண்டது.

பேசினை மடியில் வைத்து இலையை எடுத்தாள். மோதகங்களை ஒவ்வொன்றாகப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். இது வினோஜா வீட்டுக்கு இல்லையா என்று பிள்ளை கேட்டது. இல்லை, உனக்குத்தான், எல்லாம் உனக்குத்தான் என்றாள். பிறகு பேசினைச் சீலைத் தலைப்பால் துடைத்து, ஒரு பொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் பார்த்துக்கொண்டு எழும்பினாள்.

செல்வநாயகத்தார் அதற்குள் வீடு வந்து, முற்றத்துக் கதிரையில் சாய்ந்து சால்வையால் விசிறிக்கொண்டிருந்தார். உள்ளே வா பிள்ளை, மோதகம் நல்ல ருசி என்றார். அமராவதி உள்ளே போகவில்லை. படலைக் கட்டையின் மேல் பேசினைக் கவிழ்த்து வைத்தாள். அவர் எழும்பி வந்து, அதை நிமிர்த்திப் பார்த்து, அவளைப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, நல்ல நாளில வெறும் பாத்திரம்?”

“போன வருசம் எங்க வீட்டுக்கு ஒன்னு வந்துச்சுங்க ஐயா. எம் பிள்ள கழுவிக் கொண்டாந்துச்சு. இது அதுக்கு” என்று சொல்லிவிட்டு, மோதகம் தின்றுகொண்டு நின்ற மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அமராவதி நடந்தாள்.